திருத்திச் சொன்ன சாட்சி

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்கக் கூடாது. மடித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு முனை ஈரத் தரையைத் தொட்டு, துணி திரும்பவும் தொட்டிக்குப் போய், மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே நேரத்தில் ஓர் உதறு உதற வேண்டும். துணி பட்டென்று சத்தம் போட்டால்தான் சுருக்கம் போனதாக அர்த்தம். பிறகு இரண்டாக, நாலாக மடித்து, ஒருத்தி நடந்து வந்து தன் முனையை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். எதிரே நிற்பவள் சரியில்லை என்றால் புருஷன் சரியில்லாததைவிட மோசம். புருஷன் பொழுது சாய்ந்துதான் கண்ணில் படுவான், இவள் மூஞ்சியை நாளெல்லாம் பார்க்க வேண்டும்.

எனக்கு எதிரே நின்றவளைச் சலவைக் கூடத்தில் எல்லோரும் ‘தோத்திரம்’ என்றுதான் கூப்பிட்டோம். இஸ்திரி ரோலரில் விரல் பட்டுச் சுட்டாலும் ‘ஸ்தோத்திரம்’ என்பாள். மின்சாரம் போனாலும் ‘ஸ்தோத்திரம்’, வந்தாலும் ‘ஸ்தோத்திரம்’. மேற்பார்வையாளர் கத்திவிட்டுப் போன பிறகு முதுகுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் கெட்ட வார்த்தை ஒன்று சொல்வோம், அவள் அதற்கும் ‘ஸ்தோத்திரம்’தான் சொல்வாள். கேலிக்கு வைத்த பெயருக்கு அவளே திரும்பிப் பார்த்துச் சிரித்ததால், கேலியில் ருசி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் அக்கா என்பேன். என் பெயர் அங்கே ‘பட்டாசு’. ஏன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நான் எந்தச் சாமியையும் கும்பிடுகிறவள் இல்லை. எப்போதாவது கூப்பிட்டுத் திட்டுவதோடு சரி.

அந்த வருஷம் பிடித்த மழை விடவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. மாடியில் காய வைக்க வழியில்லாமல், எல்லாம் உலர்த்தும் எந்திரத்துக்கே வந்தது. கூடம் முழுக்க ஆவி, பிளீச்சிங் வாடை. ஒரு திங்கட்கிழமை அக்கா விரிப்பை உதறியபோது சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை உதறினோம். அப்போதும் வரவில்லை. அவளுடைய வலது கை மேலே போனது, இடது கை தோளோடு நின்றுவிட்டது.

“என்னக்கா, கையை என்ன அடகு வச்சுட்டியா?” என்றேன்.

“ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்மா. புடிச்சுக்கிச்சு.”

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை கை நன்றாகவே மேலே போனது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் தோளோடு நின்றது. திங்கட்கிழமைக்கு மட்டும் வருகிற சுளுக்கை நான் கேள்விப்பட்டதில்லை.

அவள் கதை எனக்கு மனப்பாடம். மடிக்கும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போன வருஷம் மழைக்கு முன்னால் இடது மார்பில் ஒரு கட்டி. டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நாள் குறித்து அனுப்பினார். அதற்குள் சபையில் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். வலி நின்றது, கட்டியும் கையில் தட்டுப்படவில்லை. அவள் குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கர்த்தர் தன்னைக் குணமாக்கிவிட்டார் என்று சபை முன்னால் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள்.

“ஒரு தடவை போய்க் காட்டிட்டுத்தான் வந்துரேன்க்கா” என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

“குடுத்தவர்கிட்டயே போய், நீங்க குடுத்தது நல்ல காசான்னு கடிச்சுப் பாக்கச் சொல்றியா?” என்று சிரித்துவிட்டாள்.

அவள் சாட்சி சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமைதான் அவள் புருஷனும் குடியை விட்டது. அவர் சுவருக்கு வெள்ளையடிக்கிறவர், பெயிண்டர். அதுவரை சபைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பாராம். அன்றைக்கு உள்ளே வந்து நின்று, ‘நானும் இப்ப குடிக்கிறதில்லைங்க’ என்றாராம். சபையே கைதட்டி அழுதது என்று சொல்லும்போதெல்லாம் அக்காவுக்கும் கண் நிறைந்துவிடும். அப்புறம் கர்த்தர் ஒரே நாளில் இரண்டு பேரைத் தொட்டார் என்று பாஸ்டர் போகிற இடமெல்லாம் சொன்னார்.

மூன்றாவது திங்கட்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அழுக்கு மூட்டை வைக்கும் அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

“தூக்கு கையை.”

“விடும்மா.”

“தூக்குறியா, நான் தூக்கட்டுமா?”

அவள் ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினாள். அக்குளில் எலுமிச்சம்பழம் பெரிசுக்கு ஒரு கட்டி. அதற்குக் கீழே மார்பின் தோல் ஒரு பக்கமாக இழுத்துச் சுருங்கியிருந்தது.

“எவ்வளவு நாளா?”

“வெயில் காலத்துலயே லேசா இருந்துச்சு.”

“பெயிண்டர் அண்ணனுக்குத் தெரியுமா?”

“ஐயோ!” என்று என் வாயைப் பொத்தினாள். “மூச்சு விட்டுறாதே.”

“அப்ப திங்கக்கிழமை மட்டும் ஏன் இப்படி?”

“நேத்து சபையில பாட்டுப் பாடுறப்ப ரெண்டு கையும் தூக்கணும்ல. நான் முன் வரிசை. ஒரு கையை மட்டும் தூக்கினா எங்க வீட்டுக்காரரு பாத்துருவாரு. பல்லைக் கடிச்சுத் தூக்கிருவேன். அடுத்த ரெண்டு நாளைக்கு அதோட வேலையைக் காட்டும்.”

எனக்கு வந்ததே கோபம். “உன் ஆண்டவருக்கு நீ என்ன வக்கீலா? கேஸ் தோத்துரும்னு மறைக்கிறியா? அவருக்குத் தெரியாதா உன் அக்குள்ல என்ன இருக்குன்னு?”

“அவருக்குத் தெரியும். அவருகிட்ட நான் எதையும் மறைக்கல. தினமும் காட்டிட்டுத்தான் இருக்கேன்.” அவள் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் திணறினாள். நான் மாட்டிவிட்டேன். “இந்த மனுஷனுக்குத்தான் பயப்படுறேன். அவரு குடிச்ச காலத்தை நீ பாத்ததில்லை. ஏணியில இருந்து விழுந்து, ரத்தத்தோட வீட்டுக்கு வந்து, வாசல்லயே விழுந்து கெடப்பாரு. நானும் எத்தனை வருசம் ஜெபம் பண்ணினேன், கெஞ்சினேன், திட்டினேன், ஒண்ணும் ஆகல. எனக்குச் சொகமாச்சுன்னு கண்ணால பாத்துட்டுத்தான் விட்டாரு. அவரோட விசுவாசம் ஒத்தைக் கால்ல நிக்கிற மேசை. அந்தக் கால் நான். நான் போய் அந்தக் காலை உருவட்டுமா?”

“நீ செத்துப் போயிருவக்கா.”

“போவேன். அவரு நிதானமா இருந்து என்னைத் தூக்கிப் போடுவாரு. இல்லைன்னா அவரு குடிச்சுச் செத்து, அவரைத் தூக்க நான் இருந்து நாலு பேர்கிட்ட கெஞ்சணும். எது மேல்?”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அவள் பெண்கள் ஜெபத்துக்குப் போகிற நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். குறுகலான படியேறி இரண்டாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. மழைக் காலத்தில் பெயிண்டருக்கு வேலை கிடையாது. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை பழைய பெயிண்ட் பொட்டுப் பொட்டாக இருந்தது.

“வாம்மா பட்டாசு. டீ குடிக்கிறியா?”

அவர் டீ போட்டுக் கொடுத்து, தன் டம்ளரையும் எடுத்து, கண்ணை மூடி இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டுக் குடித்தார். முன்பு சபைக்குள் வராமல் படியில் உட்கார்ந்திருந்த மனிதர். இவரிடம் எப்படி ஆரம்பிப்பது? நான் சமையற்கட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று இடித்தது. மேல் தட்டுகள் எல்லாம் மொட்டையாக இருந்தன. அரிசி டப்பா, சர்க்கரை, பாத்திரங்கள், எல்லாம் தரையில் பலகை போட்டு வரிசையாக அடுக்கியிருந்தது. ஜன்னல் ஓரத்துக் கொடிக் கயிறுகூட என் இடுப்பு உயரத்தில் தொங்கியது.

“என்னண்ணே, வீட்டை ஏன் கீழ எறக்கி வச்சிருக்கீங்க?”

“மேல எலி வருதும்மா.”

“எலி மேல வந்தா சாமானை யாராவது கீழ வைப்பாங்களா? கீழதான எலிக்கு வசதி?”

அவர் கரண்டியால் கிழங்கைக் குத்திப் பார்த்தார். ஒரு தடவை குத்தினால் போதும், விடாமல் குத்திக்கொண்டே இருந்தார்.

“அவளுக்குக் கை எட்டலம்மா” என்றார்.

நான் டீயைக் கீழே வைத்தேன். “அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“பக்கத்துல படுக்கிறவனுக்குத் தெரியாதா? தூங்குறப்ப கைக்கு அடியில தலையணையை வச்சுக்கிறா. முழிச்சதும் அதை எடுத்து ஒளிச்சுருவா. தூக்கத்துல மொனகுறா. ரெண்டு மாசமா நான் தூங்குற மாதிரி நடிச்சுட்டு இருக்கேன்.”

“கேக்க வேண்டியதுதான?”

“கேட்டா இல்லைன்னு சொல்லுவா. பொய்யே சொல்லாதவ, அவளைப் பொய் சொல்ல வச்ச பாவம் எனக்கு. ஆமான்னு சொன்னாலோ, இத்தனை நாளா அவ நம்பினது நொறுங்கிப் போயிரும். சோறு தண்ணி இல்லாமகூட அவ இருந்துருவா, அது இல்லாம இருக்க மாட்டா. சாட்சி சொன்ன அன்னைக்கு அவ மொகத்தை நீ பாக்கலியே. கல்யாணத்தன்னைக்குக்கூட அவ அப்படிச் சிரிக்கல.” அவர் மூக்கை உறிஞ்சினார். “அவளே ஒரு நாள் வாய் திறந்து சொல்லட்டும்னு தினமும் வேண்டிக்கிறேன். அதுவரைக்கும் எறக்கி வைக்கிறதை எறக்கி வைப்போம்னு.”

“நல்லா இருக்கு போங்க!” என்று நான் எழுந்துவிட்டேன். “அவ விசுவாசத்துக்கு நீங்க காவல், உங்க விசுவாசத்துக்கு அவ காவல். நடுவுல அந்தக் கட்டி நிம்மதியா வளந்துட்டு இருக்கு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அவகிட்ட. உங்க ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிப்போட்டு உதைக்கணும்.”

அவர் பதில் சொல்வதற்குள் படியில் குடையை உதறும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்தது. சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

நான் பட்டாசு. என்னைப் போய் நம்பலாமா?

“அக்கா, இவருக்கு எல்லாம் தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும். அண்ணே, இவ நீங்க மறுபடியும் குடிச்சுருவீங்கன்னு பயந்துக்கிட்டு வாயைத் திறக்கல. அவ்வளவுதான். இனிமே நீங்களாச்சு, உங்க ஆண்டவராச்சு.”

அடுப்பில் தண்ணீர் வற்றிக் கிழங்கு தீய ஆரம்பித்தது. அக்கா குடையை மூலையில் சாத்தினாள். மொட்டைத் தட்டுகளைப் பார்த்தாள். தரையிலிருந்த அரிசி டப்பாவைப் பார்த்தாள்.

“அப்ப எலி வரலியா?” என்றாள்.

“வரல” என்றார் அவர்.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து சறுக்கி உட்கார்ந்தாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல் ஏங்கி ஏங்கி அழுதார்கள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டரம்மா. கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், தொட்டுப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். போன வருஷம் வரச்சொன்ன நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டார். அக்கா, “சொகமாயிருச்சுன்னு நெனச்சேங்க” என்றாள். ஒவ்வொரு சோதனையாக எடுத்தார்கள். புற்றுக் கட்டி, நுரையீரல்வரை போயிருந்தது. வலியைக் குறைக்கலாம், கொஞ்சம் நாளை நீட்டிக்கலாம் என்றார்கள். அக்கா அதற்கும் ‘ஸ்தோத்திரம்’ என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போலும் இருந்தது.

பாஸ்டர் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோதும் நான் அங்கே இருந்தேன். வார நாளில் அவருக்கு ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற வேலை. சட்டையெல்லாம் கிரீஸோடு, கருவிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். இளவயசுக்காரர். ஜெபம் பண்ண ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பி, ஒரு காரியம்” என்றாள் அக்கா. “ஞாயித்துக்கிழமை எனக்கு அஞ்சு நிமிசம் மைக் வேணும்.”

பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. “அக்கா, அது எதுக்கு இப்ப? நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யில்லையே. அன்னைக்கு நெசமாவே வலி இல்லைல்ல?”

“வலி இல்லைன்னு மட்டும் சொல்லியிருந்தா நெசம். சொகமாயிருச்சு, இனி டாக்டர்கிட்டப் போக மாட்டேன்னு சொன்னேனே. அதை யாரு எனக்குச் சொன்னா? ஆண்டவரு சொல்லல. நானாச் சேத்துக்கிட்டது.”

“சபையில பலவீனமானவங்க இருக்காங்கக்கா. தாங்க மாட்டாங்க. மெதுவா, ஒவ்வொருத்தரா நான் எடுத்துச் சொல்றேனே.”

“யாரு தாங்க மாட்டாங்க?”

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் போகிற அழுக்கு இல்லை அது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “பால் ஊத்துற அந்தம்மா இருக்காங்கல்ல. வலிப்பு வர்ற பிள்ளையைக் கூட்டிட்டு வருவாங்களே. உங்க சாட்சியைக் கேட்டுட்டு வந்தவங்க. இப்ப மாத்திரையை நிறுத்திட்டாங்களாம். போன வாரம்தான் எனக்குத் தெரிஞ்சுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம...”

அக்கா எழுந்தேவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ அவளுக்கு ஆள் வேண்டும், அன்றைக்குத் தானாக எழுந்தாள். “ஒரு வாரமாத் தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கீங்களா? என்னோட போகட்டும் தம்பி. அது சின்னப் புள்ளை.”

“எனக்குப் பயமா இருந்துச்சுக்கா” என்றார் அவர். அதை மட்டும் அவர் நேராகச் சொன்னார், அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

“இப்பவே போய் மாத்திரையைக் குடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

அவர் அப்போதே போனார். பால்காரம்மா கேட்கவில்லை. அந்த அக்காவுக்குக் கிடைத்தது என் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாதா, நீங்களே அன்றைக்கு அல்லேலூயா சொன்னீர்களே என்று கேட்டாளாம். பாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாவை எப்படியாவது வரச் சொல்லுங்கள் என்றாள் அக்கா.

நான் சபைக்குப் போனது அதுதான் முதல் தடவை. டயர் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறி. கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. பாடும்போது எல்லோரும் இரண்டு கையையும் தூக்கினார்கள். அக்கா முன் வரிசையில் ஒரு கையை மட்டும் தூக்கினாள். பக்கத்தில் அவள் புருஷன் நின்றார். பின் வரிசைகளில் கிசுகிசுப்பு ஓடியது.

பாஸ்டர் மைக்கை அவளிடம் கொடுத்தார். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“போன வருசம் இதே இடத்துல நின்னு, எனக்குச் சொகமாயிருச்சுன்னு சொன்னேன்” என்று ஆரம்பித்தாள். “ஆகல. அன்னைக்கு வலி கொறஞ்சுது. அது நெசம். அதுக்கு ஸ்தோத்திரம். மீதியை நான் சேத்துச் சொன்னேன். வேணும்னு சொல்லல, சந்தோசத்துல சொன்னேன். அப்புறம் கட்டி திரும்ப வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுரக் கூடாதுன்னு மறைச்சேன். அது வேணும்னே செஞ்சது. இப்ப ரொம்ப முத்திப்போச்சுன்னு சொல்லிட்டாங்க.”

மூச்சு வாங்கினாள்.

“ஆண்டவரு என்னைக் கைவிடல. அதை யாரும் தப்பா நெனச்சுக்காதீங்க. டாக்டர்கிட்டப் போகாதேன்னு அவரு எனக்குச் சொல்லவே இல்லை. நான்தான் அவரு மானத்தைக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டுப் போகாம இருந்தேன். அவரு மானத்தைக் காப்பாத்த நான் யாரு? என் சாட்சியைக் கேட்டுட்டு இங்க யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தீங்கன்னா, உங்க கால்ல விழுறேன், இன்னைக்கே குடுங்க. மாத்திரையைக் குடுத்துட்டு ஜெபம் பண்ணுங்க. ரெண்டையும் அவரு வேண்டாம்னு சொல்ல மாட்டாரு.”

பின் வரிசையில் பால்காரம்மா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். படியில் இறங்கும்போது அவள் புருஷனிடம் போட்ட சத்தம் மேலேவரை கேட்டது. “அலமாரியில மேல் டப்பாவுல இருக்கு. ஓடுங்க, நீங்க முன்னால ஓடுங்க!”

என் பின்னால் இருந்த ஒருத்தி, “மறைவான பாவம் ஏதாவது இருக்கும், இல்லைன்னா சொகம் ஏன் திரும்பிப் போகுது?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் திரும்பி, “இந்த இடமா இருக்கிறதால தப்பிச்சே” என்றேன். இன்னும் சில பேர் ஜெபம் முடியும் முன்பே எழுந்து போனார்கள், அதில் இரண்டு குடும்பம் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. பாஸ்டர் அன்றைக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அக்கா காலடியில் மேடைப் படியில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தது தன் தப்பு என்று சொன்னார். மழைச் சத்தத்தில் முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. மழை விடுவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் சாயங்காலம் பார்வை நேரத்துக்குப் போவேன். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் தின்பாள். கூடத்துக் கதையெல்லாம் கேட்பாள். புதுக் கூட்டாளி எப்படி என்றாள். உதறத் தெரியாத ஜென்மம் என்றேன். சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது.

பால்காரம்மா பிள்ளைக்கு இப்போது வலிப்பு இல்லை என்றதும் கண்ணை மூடி ‘ஸ்தோத்திரம்’ என்றாள். ஆனால் ஒரு பயம் மட்டும் அவளை விடவில்லை. புருஷன் வெளியே வெந்நீர் எடுக்கப் போனால் உடனே என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“அவரு பக்கத்துல நின்னியே, சாராய வாடை ஏதாவது வந்துச்சா?”

“பெயிண்ட் வாடைதான் வந்துச்சு.”

“நல்லாப் பாத்தியா?”

“நான் என்ன போலீஸ் நாயா?” என்று எரிந்து விழுவேன். வெளியே வந்ததும் எனக்கே அழுகை வரும்.

மழை விட்டு அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வேலையிலிருந்து நேராக வந்தார். கையைக் கழுவி, ஆரஞ்சை உரித்து, சுளையிலிருந்த விதைகளை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளால் அடக்க முடியவில்லை.

“என்னங்க. எனக்குச் சொகமாகலைன்னு ஆயிப்போச்சு. நான் இருக்கப் போறதும் இல்லை. இனி எதைப் புடிச்சுக்கிட்டு நிப்பீங்க? மறுபடியும் அந்தப் பக்கம் போயிருவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?” என்றார் அவர்.

“நான் சாட்சி சொன்ன அன்னைக்குத்தானே விட்டீங்க?”

“அன்னைக்கா? அன்னைக்கு இல்லை. அதுக்கும் முன்னால.” அவர் அடுத்த சுளையை உரித்துக்கொண்டே சொன்னார். “டாக்டரம்மா உனக்குக் கட்டின்னு சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன். உனக்கு ஒண்ணுன்னா தூக்கிட்டு ஓட ஒரு ஆளு நெதானமா இருக்கணுமேன்னு. நீ போயிருவியோன்னு பயந்துதான் விட்டேன். அப்புறம் அவரைப் புடிச்சுக்கிட்டேன், அது வேற. சபையில பாஸ்டர் நீங்க ஏதாவது சொல்றீங்களான்னு கேட்டாரு. குடிக்கிறதில்லைன்னு சொன்னேன். அவங்களா ரெண்டையும் சேத்துக்கிட்டாங்க.”

அக்கா ஆரஞ்சை மெல்வதை நிறுத்திவிட்டாள். “அந்த மாசம் உங்களுக்கு வேலை இல்லை. அதனால குடிக்கலைன்னு நெனச்சேன் நான்.”

“வேலை இல்லைன்னா குடிக்காம இருந்திருக்கேனா என்னைக்காவது?”

“ஏங்க சொல்லல?”

“நீ அவ்வளவு சந்தோசமா இருந்தே. எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லி அழுதே. நான் நடுவுல புகுந்து, இல்லைம்மா தேதி தப்புன்னு...” பேசிக்கொண்டே வந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த சுளை போர்வையில் விழுந்தது. அவர் முகம் போன போக்கை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

“அடப்பாவி மனுசா” என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. “அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் வெயில் காலத்துலயே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேனே. உங்களுக்காகத்தானே வராம இருந்தேன்.”

அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டுக் கட்டில் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டார். சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், போகவில்லை. யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை.

பிறகு அக்கா மெல்ல இந்தப் பக்கம் புரண்டாள். வலது கையை நீட்டி, தூசி படிந்த அவர் தலையில் வைத்தாள். கண்ணை மூடவில்லை. பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவதுபோல்தான் பேசினாள்.

“ஆண்டவரே, எனக்கு இவரு மேல கோவமா இருக்கு. இல்லைன்னு உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். அதை எங்கிட்ட இருந்து எடுத்துருங்க. இந்த மனுசன் இனிமே ஆயுசுக்கும் இதையே நெனச்சு நெனச்சுச் சாவாரு. நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னா நம்ப மாட்டாரு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் நம்ப வைக்கணும், அதுக்கு ரொம்ப நாள் ஆகும். எனக்கு நேரம் இல்லை. நீங்க பாத்துக்கோங்க.”